பையன்களுக்குக் கோடையில் என்ன படிக்கக் கொடுப்பது? கடலூரில் நான் பட்ட பாடு

பெரியவன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான், சின்னவன் மூன்றாம் வகுப்புக்கு. இருவருமே இங்கிலீஷ் மீடியம். வீட்டுக்காரர் குவைத்தில். நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் காலை ஆறரைக்கே வந்து நிற்பார்கள், அதற்குள் நான் அங்கே இருக்க வேண்டும். மதியம் வீட்டுக்கு வந்து, சாயங்காலம் மறுபடி போய், இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவேன். இந்த லட்சணத்தில் கோடை விடுமுறைக்குப் பையன்களுக்குப் புத்தகம் தேடி நான் செலவழித்த பணமும் அலைச்சலும் இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். முன்னாலேயே யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் பாதி விடுமுறை மிச்சமாகியிருக்கும்.

தொடக்கம் பள்ளியின் வாட்ஸ்அப் குரூப். விடுமுறை விட்ட அன்றே ஒரு பட்டியல் வந்தது. எல்லாம் ஆங்கில நாவல்களின் சுருக்கப் பதிப்புகள். கூடவே 'ரீடிங் லாக்' என்று ஓர் அட்டவணை: புத்தகத்தின் பெயர், முடித்த தேதி, பெற்றோர் கையெழுத்து. அடுத்த வாரமே குரூப்பில் ஒரு அம்மா, தன் மகன் இரண்டு புத்தகம் முடித்துவிட்டதாக போட்டோ போட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது பொறாமையா, பயமா, எரிச்சலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி பெரியவனை உட்காரவைத்துப் பட்டியலில் முதல் புத்தகத்தைப் படிக்கச் சொன்னேன். பிசிறு இல்லாமல் ஒரு பக்கம் படித்தான். என்னடா புரிஞ்சுது என்றால், "கப்பல்ல போறாங்க" என்றான். அவ்வளவுதான் அவனுக்கு எட்டியது. உச்சரிப்பு சரியாக இருப்பதை வைத்துப் பிள்ளை படிக்கிறான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு அவனுக்கு இல்லை. யார் பட்டியலில் இருந்தாலும் இல்லை.

சரி, தமிழில் படிக்கட்டும் என்று முடிவு செய்தேன். திருப்பாப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். லேப் முடிந்து அவசரமாக ஓடினேன். இருபது புத்தகம் கொண்ட ஒரு செட், '6 முதல் 12 வயது வரை' என்று அட்டையில் போட்டு, பளபளவென்று பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்தார்கள். திறந்து காட்டுங்கள் என்றதற்கு, "சீல் பிரிச்சா விக்க முடியாதுக்கா, எல்லாம் நல்ல கதைதான்" என்றார் விற்பனையாளர். 2,400 ரூபாய். வீட்டில் பிரித்தால், நரி, சிங்கம், முயல், மறுபடி நரி. ஒரே படம் மூன்று புத்தகத்தில். அதைவிட மோசம், அந்தத் தமிழ். 'சிங்கம் ஆனது மிகவும் கோபம் கொண்ட ஒன்றாக இருந்தது' என்கிற மாதிரி, ஏதோ மெஷினில் போட்டு எடுத்த வாக்கியங்கள். சின்னவன் என்னைப் பார்த்து, "ம்மா, சிங்கம் ஆனது யாரு?" என்றான். மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். ஒரு மாதக் கேபிள், கேஸ், பால் கணக்கெல்லாம் சேர்ந்த தொகை அது. பஸ் ஸ்டாண்டில் நின்று அழுகை வந்ததை அடக்கிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் ரொம்ப நாள் சொல்லவில்லை.

அதனால் முதல் விஷயம்: சீல் வைத்த செட் எதையும் வாங்காதீர்கள். '6 முதல் 12 வயது வரை' என்பதெல்லாம் விற்பதற்கான கணக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் ஒரே புத்தகம் எப்படிப் பொருந்தும்? கடையில் நின்றபடியே நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் ஒழுங்காகத்தான் போடுவார்கள், நடுவில்தான் சாயம் வெளுக்கும். நமக்கே நாக்கு தடுக்கினால் பிள்ளைக்கு என்ன ஆகும்?

அதற்குப் பிறகு ஒரு கோடை முகாம். 'கதை சொல்லலும் வாசிப்பும்' என்று நோட்டீஸ். இரண்டு பையன்களுக்கும் சேர்த்து 3,000 ரூபாய். தினமும் வண்ணம் தீட்டிய தாளோடுதான் வந்தார்கள். அதைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை. சேர்க்கும் முன், என்னென்ன புத்தகம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, அலமாரியைக் கண்ணால் பாருங்கள்.

கடைசியில்தான் மாவட்ட மைய நூலகத்துக்குப் போனேன். உண்மையில் முதலில் போயிருக்க வேண்டிய இடம். 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்த மாநிலம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அந்த ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். கட்டிய காசுக்கு ஒரு புத்தகமாவது எடுத்தோமா என்றால் எங்கள் தெருவில் பலரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். உறுப்பினராகச் சேரக் கட்டுவது சொற்பத் தொகை. ஆதார் நகல் கேட்டார்கள். வார விடுமுறை எந்த நாள், ஒரு கார்டுக்கு எத்தனை புத்தகம் என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவது நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டாது.

அங்கே இருந்த நூலகர் அம்மாவிடம், "பையன்களுக்கு நல்ல புக்கா குடுங்க மேடம்" என்றேன். அவர் பிள்ளைகளின் வயதைக் கேட்கவில்லை. "வீட்டுல யாரு படிச்சுக் காட்டுவாங்க? அவங்களுக்கு எவ்ளோ நேரம் கெடைக்கும்?" என்று கேட்டார். ராத்திரி சாப்பிட்டு முடித்தபின் ஒரு கால் மணி நேரம் கிடைக்கும், அதுவும் கண்ணைச் சொக்கும் என்றேன். "அப்ப உங்களுக்கும் சேத்துத்தான் எடுக்கணும். உங்களுக்குப் போரடிக்கிற புக்க நாலாவது நாளு நீங்களே தொட மாட்டீங்க" என்றார். அதுவரை பள்ளியோ, விற்பனையாளரோ, முகாம்காரர்களோ கேட்காத கேள்வி அது. நூலகத் துறைக்கே விதி எழுதிய எஸ். ஆர். ரங்கநாதன் நம் ரயில் பாதையில் இருக்கும் சீர்காழிக்காரர். அவர் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. நூலகர் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அம்மா அன்று அதைத்தான் செய்தார்.

அதிலிருந்து நான் புத்தகம் எடுக்கும் விதம் மாறியது. மூன்று விதமாகப் பிரித்துக்கொண்டேன்: பெரியவன் தானாகப் படிப்பது, சின்னவன் தானாகப் படிப்பது, ராத்திரி நான் படித்துக் காட்டுவது. மூன்றும் ஒரே புத்தகமாக இருக்க முடியாது. முதலில் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, இவர்களுக்குத் தமிழில் எங்கே தடுக்குகிறது என்பது. அர்த்தம் தெரியாத வார்த்தைகள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 'போய்க்கொண்டிருந்தபோது' என்று ஒரு நீள வார்த்தை வந்தால் எழுத்துக் கூட்டிக் கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் ஆரம்பம் மறந்துவிடுகிறது. வீட்டில் 'போயிட்டு இருக்கும்போது' என்றுதானே பேசுகிறோம்? அவர்கள் காதில் கேட்ட தமிழும் கண்ணில் பார்க்கிற தமிழும் வேறுவேறு. எனவே பேச்சு நிறைய வருகிற, வாக்கியம் சின்னதாக இருக்கிற, பத்தி குட்டியாக முடிகிற புத்தகமாகப் பார்த்தேன். பக்கத்தைப் புரட்டும்போது மேற்கோள் குறிகள் நிறையத் தெரிந்தால் அது பேச்சு உள்ள புத்தகம். அவசரத்தில் தேர்வு செய்ய இது ஒன்றே போதும். ஒரு பக்கத்தில் ஐந்து இடத்துக்கு மேல் தடுமாறினால் அதை நான் படித்துக் காட்டும் வரிசைக்கு மாற்றிவிடுவேன்.

பெரியவனை இழுத்தது எது தெரியுமா? எதிர்வீட்டு ஆயா வாங்குகிற தினசரியின் விளையாட்டுப் பக்கம். நான் வேலைக்குப் போனபின் இருவரும் ஆயா வீட்டில்தான் இருப்பார்கள். ஐபிஎல் நடக்கிற நேரம். ஆயாவுக்குக் கண்புரை, "டேய், நேத்து யாரு ஜெயிச்சா, படிடா" என்று கேட்பாராம். தட்டுத் தடுமாறிப் படிக்க ஆரம்பித்தவன், மே மாதம் வருவதற்குள் ஆயாவுக்குத் தங்க விலை, பஸ் விபத்து, திருவந்திபுரம் கோயில் செய்தி வரைக்கும் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். புத்தகம்தான் படிப்பு என்று நான் நினைத்திருந்தால் இதைக் கவனித்தே இருக்க மாட்டேன். செய்தித்தாளில் வாக்கியங்கள் நீளம்தான். ஆனால் யார் ஜெயித்தது என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால், வார்த்தையை ஊகித்துப் படித்துவிடுகிறான். தெரிந்த விஷயத்தைப் படிக்கக் கொடுப்பது நல்ல தொடக்கம்.

அடுத்து காமிக்ஸ். என் அண்ணன் சின்ன வயதில் ஒளித்து வைத்துப் படித்த சிவகாசி முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்தது. முத்துவும் லயன் காமிக்ஸும் இன்னும் வருகின்றன. அந்தக் காலத்து விலை இல்லை, இப்போது பெரிய அளவில், நல்ல தாளில், அதற்கேற்ற விலையில் வருகின்றன. அதனால் அண்ணனிடம் கேட்டுப் பழைய பிரதிகளை வாங்கிக்கொண்டேன். படம் பாதிக் கதையைச் சொல்லிவிடுவதால் பெரியவன் தடுக்கினாலும் நிற்கவில்லை. சில கதைகளில் துப்பாக்கியும் சாவும் அதிகம், சின்னவன் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காமிக்ஸ் படித்தால் கெட்டுப்போவான் என்று சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் என் நாத்தனார். "சரிங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன்.

சின்னவனுக்கு வேறு வழி. பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய, இலவசமாகவே கிடைக்கின்றன. நான்கு படிநிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு என்பதால் மூன்றாம் நிலை என்று நினைக்காதீர்கள். என் மகனுக்கு இரண்டாம் நிலைதான் சுகமாக இருந்தது, முதல் வாரம் ஒன்றாம் நிலையே கொடுத்தேன். ஒரு வாரத்தில் அவனுக்குத் தானே பெரிய ஆள் என்று நினைப்பு வந்துவிட்டது. அதுதான் வேண்டும். ஆனால் போனில் கொடுத்தால் இரண்டாவது நிமிடம் யூடியூபில் இருப்பான். அதனால் பிடிஎஃப் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டு, நடுவில் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன். பதிப்புரிமைப் பிரச்சினை இல்லை, பகிர்ந்துகொள்ள அனுமதி கொடுத்துத்தான் போட்டிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அவனே கலர் அடித்துக்கொண்டான். 3,000 ரூபாய் முகாமில் செய்ததும் இதுதானே என்று மனதுக்குள் கறுவினேன்.

ராத்திரிப் புத்தகம்தான் எனக்குப் பிடித்த பகுதி. தேசியப் புத்தக நிறுவனம் தமிழில் வெளியிட்ட 'டோட்டோ-சான்' எடுத்து வந்தேன், ஒரு ஜப்பானியச் சிறுமியின் பள்ளிக்கூடக் கதை. அட்டையில் சிறுமி படம் இருந்ததும், "பொண்ணுங்க புக்கு, வேணாம்" என்றார்கள் இருவரும். அட்டைக்குச் செய்தித்தாள் சுற்றிவிட்டு, பழைய ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக வைத்திருக்கும் பள்ளிக்கூடம் வருகிற பகுதியிலிருந்து ஆரம்பித்தேன். அவ்வளவுதான். திருப்பாப்புலியூர் ஸ்டேஷன் பக்கத்தில் நிற்கிற பழைய பெட்டி எதையாவது நம் பள்ளிக்கு வாங்க முடியுமா என்று ஒரு வாரம் அதே பேச்சு. அத்தியாயம் எல்லாம் இரண்டு, மூன்று பக்கம்தான். தூக்கம் சொக்கினாலும் ஓர் அத்தியாயம் முடித்துவிடலாம். அந்தத் தலைமையாசிரியர் முதல் நாள் அந்தக் குட்டிப் பெண் பேசுவதை மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. என் பிள்ளைகள் பேசுவதை நான் அப்படிக் கேட்டு எவ்வளவு நாள் ஆகிறது! பிள்ளைகளுக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் நான் எனக்காகத்தான் படித்தேன். அதனால்தான் அது நிற்கவில்லை.

அடுத்தது கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகள். கரிசல்காட்டுக்காரர், கடைசிக் காலம் வரை நம் பக்கத்துப் புதுச்சேரியில் இருந்தவர். 2021-ல் அங்கேதான் காலமானார். எழுத்தில் இருந்தாலும் பேச்சுதான் அது. வாய்விட்டுப் படிக்கும்போது நாக்குத் தானாக ஓடும். கரிசல் வட்டார வார்த்தைகள் சில எனக்கே தெரியாது. "தெரியலடா, நீயே சொல்லு என்னவா இருக்கும்?" என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. நாட்டுப்புறக் கதைகளில் பச்சையான கதைகளும் உண்டு. அவற்றைத் தனியாகத் தொகுத்து 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்றே அவர் பெயர் வைத்திருக்கிறார். அந்தப் புத்தகத்தில்தான் என்றில்லை, எந்தத் தொகுப்பானாலும் அன்றைய கதையை முன்னாலேயே ஒருமுறை கண்ணோட்டிவிடுங்கள். நான் லேபில் கூட்டம் குறைகிற பன்னிரண்டு மணி வாக்கில் பார்த்துவிடுவேன். ஒரு நாள் பார்க்காமல் ஆரம்பித்து, பாதியில் ராஜாவைத் திடீரென்று தூங்கவைத்துக் கதையை முடிக்க வேண்டியதாகிவிட்டது.

வேலைக்குப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளை யார் யார் வீட்டிலோ விட்டுவிட்டுப் போகிறோம். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' அப்படிப்பட்ட வீடுகளில் இருக்க வேண்டிய புத்தகம். 2020-ல் சிறுவர் இலக்கியத்துக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருது இதற்குக் கிடைத்தது. தப்பாகத் தொடுகிறவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். கதை பேசிவிட்டது. பையன்களுக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம், பையன்களுக்கும்தான்.

அறிவியல் பிடித்த பிள்ளைகளுக்கு, கடலூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த ஆயிஷா இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' பாருங்கள். 2014-ல் அதே விருது பெற்றது. பெரியவனுக்கு இப்போது கொஞ்சம் கனம், அடுத்த வருஷத்துக்கு வைத்திருக்கிறேன். துளிர் மாத இதழுக்கும் சந்தா கட்டினேன். ஆனால் முதல் இதழ் கைக்கு வருவதற்குள் விடுமுறை முக்கால்வாசி முடிந்துவிட்டது. இதழ் எதற்குச் சந்தா கட்டுவதாக இருந்தாலும் மார்ச்சிலேயே கட்டிவிடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம். 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் அங்கே இருக்கிறது. நாங்கள் போன நாளில் உள்ளே அதிக நேரம் இருக்க முடியவில்லை, வெயிலில் சின்னவன் துவண்டுவிட்டான். பாரதியார் 1908 முதல் பத்து வருடம் வாழ்ந்த ஊர் என்று சொல்லி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீட்டையும் காட்டினேன். பெரியவனுக்கு அங்கிருந்த மீசைப் படம்தான் பிடித்தது. கத்திரி வெயிலில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் காலையிலேயே போய், பதினொரு மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். புத்தகப் பயணம் என்று பெரிதாகத் திட்டம் போட வேண்டாம். எங்களுக்கு அன்று மிச்சம் ஐஸ்கிரீமும் தலைவலியும்தான்.

கணக்குப் பார்த்தால் செட்டுக்கும் முகாமுக்கும் போனது 5,400 ரூபாய். உருப்படியாகப் படித்ததற்கெல்லாம், நூலகக் கட்டணம், ஜெராக்ஸ், சொந்தமாக வாங்கிய இரண்டு புத்தகம், துளிர் சந்தா எல்லாம் சேர்த்தும் அதில் கால் பங்கு ஆகவில்லை. நூலகத்தில் எடுத்துப் படித்து, பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்கிற புத்தகத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். நூலகப் புத்தகம் கிழிந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், நாளடைவில் மஞ்சளாகித் தாளையே அரித்துவிடும் என்றார் நூலகர் அம்மா. அப்படியே கொண்டுவந்து கொடுத்தால் அவர்களே சரிசெய்துகொள்வார்களாம்.

அப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று. குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை, நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே ராத்திரி எட்டரை என்றால் அங்கே மாலை ஆறு. வாரா வாரம் அந்த நேரத்தில் வீடியோ காலில் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று வைத்தோம். முதலில் பெரியவன் கூச்சப்பட்டான், ஜோக்குப் பக்கமாகத் தேடி எடுத்தான். போகட்டும் என்று விட்டேன். வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்திருந்தேன்: நடுவில் திருத்தாதீங்க, மார்க் கேட்காதீங்க, சிரிப்பு வந்தா மட்டும் சிரிங்க. நெட் விட்டுவிட்டு வருவதால் ஒரே வரியை நாலு தடவை படிக்க வேண்டியிருக்கும். "அப்பா, கேக்குதா?" என்று கத்திக்கொண்டே திரும்பத் திரும்பப் படிப்பார்கள். நான் அந்த நேரத்தில் தோசை வார்த்துவிடுவேன்.